நாய் சாப்பிடுகிறது, வலி போய்விட்டதா?

வாயில் அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய நாய், அன்று இரவே ஒரு கிண்ணம் தயிர்சோற்றை நக்கித் தீர்த்துவிட்டால் வீட்டாருக்குப் பெரிய நிம்மதி. சாப்பிட்டுவிட்டது, வாலை ஆட்டுகிறது, இனி மருந்து எதற்கு என்ற எண்ணம் மறுநாளே வந்துவிடுகிறது. மருத்துவர் எழுதிக் கொடுத்த வலி மருந்தில் பாதி அலமாரியிலேயே தங்கிவிடுகிறது. பல் பிடுங்கிய நாயையோ, வாயில் கட்டி அகற்றிய நாயையோ பராமரிப்பதில் நம் வீடுகளில் நேரும் பெரிய பிழை இதுதான் என்பேன். நாய் சாப்பிடக் காரணம் பசி. வலி நின்றுவிட்டது என்பதற்கு அதைச் சான்றாகக் கொள்ள முடியாது.

அந்த வாய்க்குள் என்ன நடந்திருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். வளர்ந்த நாய்க்கு 42 பற்கள். ஒவ்வொன்றிலும் வெளியே தெரிவது கொஞ்சம். பெரும்பகுதி வேராகத் தாடையெலும்புக்குள் இறங்கியிருக்கும். எலும்பைக் கடித்து நாய்கள் அடிக்கடி உடைத்துக்கொள்ளும் மேல்தாடையின் பெரிய கடைவாய்ப் பல்லுக்கு மூன்று வேர்கள். அதன் வேரில் சீழ் பிடித்தால் வீக்கம் கண்ணுக்குக் கீழே தெரியும் என்பதால், கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று நினைப்பவர்கள் உண்டு. இந்தப் பல்லை எடுக்க ஈறுச் சதையைக் கீறி விலக்க வேண்டும். எலும்பைக் கொஞ்சம் ராவ வேண்டும். பல்லை மூன்று துண்டாக அறுத்து ஒவ்வொரு வேராகத் தளர்த்தி எடுத்த பிறகு சதையை இழுத்து மூடித் தைக்க வேண்டும். நம் ஊரில் அதிகம் வளர்க்கப்படும் பொமரேனியன், ஸ்பிட்ஸ் போன்ற சிறு நாய்களுக்குப் பல் நெருக்கமும் ஈறு நோயும் அதிகம். ஒரே நாளில் பல பற்களை எடுக்க நேர்வதும் உண்டு. இவ்வளவு நடந்தும் நாய் மாலையில் சாதாரணமாகத் தெரிவது ஏன்? அறுவையின்போது தாடை நரம்பருகே போடப்படும் மரத்துப்போகும் ஊசி இன்னும் வேலை செய்துகொண்டிருப்பதும் ஒரு காரணம். இதற்குப் பயன்படும் புபிவகெயின் போன்ற மருந்தின் வேகம் பெரும்பாலும் 4 முதல் 8 மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். வலி விழித்துக்கொள்வது வீட்டார் நிம்மதியாகத் தூங்கப் போகும் நேரத்தில். அதனால்தான் முதல் வேளை மருந்தை எப்போது தரவேண்டும் என்று மருத்துவமனையை விட்டுக் கிளம்பும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நாய்க்கு வலி இருக்கிறதா என்று அளப்பதற்கென்றே முறைகள் இருக்கின்றன. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் உருவான அளவுகோலின் சுருக்க வடிவம் 2007ஆம் ஆண்டு வெளிவந்தது. அறுவைக்குப் பிந்தைய வலியை மதிப்பிடக் கால்நடை மருத்துவர்கள் அதைப் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். நாய் முனகுகிறதா, காயத்தைக் கவனிக்கிறதா, எப்படி நடக்கிறது, காயத்தருகே தொட்டால் என்ன செய்கிறது, மனநிலை எப்படி, உடம்பை எப்படி வைத்திருக்கிறது என்று அது கேட்கிறது. சாப்பிடுகிறதா என்ற கேள்வி அதில் இல்லை. காரணம் விளங்கக்கூடியதே: நாய் நம்மைப்போல மென்று தின்னும் பிராணி அல்ல. கவ்வி, நாலு தடவை தாடையை அசைத்து, விழுங்கிவிடும். உடைந்த பல்லோடு மாதக்கணக்கில் ஒழுங்காகச் சாப்பிட்டுவந்த நாய்கள் உண்டு. அந்தப் பல்லை எடுத்த பிறகு அவை துறுதுறுவென்று மாறுவதைப் பார்த்துத்தான் இத்தனை நாள் வலித்திருக்கிறது என்று வீட்டாருக்கே தெரியவருகிறது. ஆகவே கிண்ணத்தைப் பார்ப்பதை விட நாயைப் பார்ப்பது மேல். ஒரு பக்கமாகவே மெல்லுதல், கவ்வியதைக் கீழே போடுதல், முகத்தைக் காலால் தேய்த்தல், தலையைத் தடவ வரும் கையை விட்டு விலகுதல், தண்ணீர்க் கிண்ணத்தின் முன் தயங்கி நிற்றல், இரவில் இடம் மாறி மாறிப் படுத்தல்: இவைதான் வலியின் அடையாளங்கள்.

வலி மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும், முடிந்தவரை தராமலிருப்பதே நல்லது என்பது பலர் சொல்லும் மறுப்பு. இதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை மதிக்கவே வேண்டும். நாய்களுக்கு அதிகம் எழுதப்படும் மெலாக்சிகம், சிறுநீரகம் பழுதான நாய்க்கும் உடம்பில் நீர் வற்றிய நாய்க்கும் ஆபத்தானது. வயதான நாய்க்கு முன்கூட்டியே ரத்தப் பரிசோதனை செய்வது இதற்காகத்தான். உண்ணிக் காய்ச்சல் வந்து போன நாயென்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். அந்த நோய் ரத்தம் உறையத் தேவையான தட்டணுக்களைக் குறைத்துவிடும். பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு ஏற்கெனவே தரப்பட்டுவந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும், அதுவும் வலி மருந்தும் சேர்ந்தால் குடலில் புண் வரும். ஆனால் இந்த எச்சரிக்கைகள் எல்லாம் மருந்தைச் சரியாகத் தரச் சொல்கின்றனவே தவிர, நிறுத்தச் சொல்லவில்லை. வாந்தி, கருப்பு மலம், சோர்வு தெரிந்தால் அடுத்த வேளையை நிறுத்திவிட்டு மருத்துவரை அழைக்க வேண்டும். மற்றபடி உணவோடு, சொன்ன நேரத்தில், சொன்ன நாள் வரை தரலாம்.

உண்மையான ஆபத்து வேறோர் இடத்திலிருந்து வருகிறது: வீட்டு மருந்துப் பெட்டி. மெலாக்சிகம் மனிதருக்கும் உள்ள மருந்துதானே என்று பாதி மாத்திரையை உடைத்துக் கொடுப்பவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். நாய்க்கு வழக்கமான அளவு முதல் நாள் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், பிறகு தினமும் 0.1. பத்துக் கிலோ நாய்க்கு இரண்டாம் நாள் முதல் 1 மில்லிகிராம் போதும். மனிதருக்கான மாத்திரை 7.5 அல்லது 15 மில்லிகிராம். பாதி போட்டாலும் பல மடங்கு. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் இரண்டையும் நாயின் பக்கமே கொண்டுபோகக் கூடாது. இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும். ஓர் உயிருக்கு மருந்தாவது இன்னோர் உயிருக்கு என்ன செய்யும் என்பதை இந்தியா கழுகுகளின் அழிவில் பார்த்தது. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் செத்த மாட்டின் உடல் வழியாகக் கழுகுகளுக்குள் போய், அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. கால்நடைகளுக்கு அந்த மருந்து 2006இல் தடை செய்யப்பட்டது. கழுகுகளுக்குப் பாதுகாப்பானது என்று அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டது மெலாக்சிகம். வீட்டில் பூனையும் இருந்தால் பாரசிட்டமாலை அதன் கண்ணில்கூடக் காட்டக் கூடாது, ஒரே மாத்திரை உயிரைப் பறித்துவிடும். பல்வலிக்குக் கிராம்பு எண்ணெய், மஞ்சள், உப்பு என்று நமக்கு நாமே செய்துகொள்வதை நாயின் தையல் மேல் தடவுவதும் வேண்டாம். பச்சைக் காயத்தை அவை எரிக்கும்.

காஞ்சிபுரத்துக் கோடையில் இன்னொரு சங்கிலியையும் நினைவில் வைக்க வேண்டும். வாய் வலிக்கும் நாய் தண்ணீர் குறைவாகக் குடிக்கும். அக்னி நட்சத்திர வெயிலில் உடம்பு வற்றும். வற்றிய உடம்பில் வலி மருந்து சிறுநீரகத்தைத் தாக்கும். தண்ணீரையும் உணவின் வழியாகவே கொடுப்பது நல்லது. குழைய வடித்த சோற்றில் உப்பு, காரம், வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் வேகவைத்த கோழிச் சதையைப் பிசைந்து, கஞ்சிப் பதத்தில், கை பொறுக்கும் சூட்டுக்கும் கீழே ஆறவைத்துத் தரலாம். அசைவம் புழங்காத வீட்டில் தாளிக்காத தயிர்சோறும், அனுமதித்தால் வேகவைத்த முட்டையும் இரண்டு வாரத்துக்குப் போதும். கடைத் தீவனம் என்றால் வெந்நீரில் ஊறி முழுதாய்க் குழைய வேண்டும். ஊரின் பெருமையான காஞ்சிபுரம் இட்லியில் மிளகும் சுக்கும் உண்டு, அது இந்த வாய்க்கு ஆகாது. சாதாரண இட்லியைத் தயிரில் கரைத்துத் தரலாம். டீக்கடைப் பொறை, ரஸ்க், எலும்பு, கடித்து இழுக்கும் பொம்மை, தேங்காய் மட்டை ஆகியவற்றைத் தையல் ஆறும் வரை எடுத்து வைத்துவிட வேண்டும்.

தறி ஓடும் வீடுகளுக்கு மட்டும் ஒரு தனி எச்சரிக்கை. பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் தறி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அறுந்த பட்டிழையும் சரிகைத் துண்டும் தரையில் கிடக்கும். வாய் உறுத்தும் நாய் கண்டதையும் நக்கும். நூல் நாக்கின் அடியில் சுற்றிக்கொள்ளலாம், உள்ளே போனால் குடலைச் சுருக்கி இழுத்து உயிருக்கே வினையாகலாம். கழுத்தில் கூம்பு மாட்டிய நாய் பாவில் சிக்கினால் நாய்க்கும் கேடு, சேலைக்கும் கேடு. ஆறும் வரை அதற்குத் தறியில்லாத அறையே நல்லது. பட்டு நூலும் அறுவைத் தையலுக்குப் பயன்படுவதுதான். ஆனால் தானாகக் கரையாது என்பதால் நாயின் வாயில் பெரும்பாலும் கரையும் இழையையே போடுகிறார்கள். அது கரைய வாரக்கணக்கில் ஆகும், ஒரு முடிச்சு தொங்குகிறதே என்று கத்திரிக்கோலை எடுக்க வேண்டாம்.

தெருநாய்களுக்கு யார் மருந்து கொடுக்கிறார்கள், அவை தாமாகவே தேறவில்லையா என்று கேட்பவர்களும் உண்டு. தேறிய நாய்தான் நம் கண்ணில் படுகிறது. தேறாதது எங்கோ ஒதுங்கிச் செத்துப்போகிறது. பணம் ஒரு மெய்யான தடை என்பதை மறுக்க முடியாது. அரசு கால்நடை மருத்துவமனைகள் இருப்பது அதற்காகத்தான். சிக்கலான தாடை அறுவைக்குக் காஞ்சிபுரத்திலிருந்து 75 கி.மீ. தொலைவில் சென்னை வேப்பேரியில், 1903இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. அறுவைக்கு ஆன செலவோடு பார்த்தால் வலி மருந்துக்கு ஆவது சிறு தொகை. மிச்சம் பிடிக்க அது இடமல்ல.

முதல் ஓரிரு நாள் எச்சிலில் இளஞ்சிவப்பு தெரிவது இயல்பு. சொட்டுச் சொட்டாகச் சிவந்த ரத்தம் நிற்காமல் வந்தாலோ, முகம் நாளுக்கு நாள் வீங்கினாலோ, வாயில் நாற்றம் கூடினாலோ அன்றே காட்ட வேண்டும். மேல்தாடைப் பல் எடுத்த நாய் சாப்பிடும்போது தும்மினாலோ, மூக்கில் உணவு வந்தாலோ, வாய்க்கும் மூக்குக்கும் நடுவே துளை விழுந்திருக்கலாம். அது தானாக மூடும் என்று காத்திருக்கக் கூடாது. இவை எதுவும் இல்லாவிட்டாலும் 10 முதல் 14 நாளுக்குள் மறுபரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அதுவரை, நாய் எவ்வளவு ஆசையாகச் சாப்பிட்டாலும், எழுதிக் கொடுத்த வலி மருந்தை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.