சுழிய நம்பிக்கைப் பாதுகாப்பு

சுழிய நம்பிக்கைப் பாதுகாப்பு அல்லது ஜீரோ டிரஸ்ட் என்பது, கணினி வலையமைப்பின் உள்ளே இருப்பது ஒன்றையே காரணமாகக் கொண்டு எந்தப் பயனரையும் எந்தக் கருவியையும் நம்பிவிடக் கூடாது என்னும் பாதுகாப்பு அணுகுமுறை ஆகும். இது கடையில் வாங்கி நிறுவக்கூடிய ஒரு மென்பொருள் அன்று. வலையமைப்பை வடிவமைக்கும் முறை.

பின்னணி

வலையமைப்புப் பாதுகாப்பு நெடுங்காலமாகக் கோட்டை மதிலைப் போல அமைக்கப்பட்டு வந்தது. நிறுவனத்தின் வலையமைப்பைச் சுற்றித் தீச்சுவர் இருக்கும். வெளியிலிருந்து வருபவை சோதிக்கப்படும். உள்ளே வந்துவிட்டவை பெரும்பாலும் சோதிக்கப்படுவதில்லை. இதனால் ஒரே ஒரு கடவுச்சொல்லைத் திருடியவர்கூட உள்ளே நுழைந்து, ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவ முடியும். இது பக்கவாட்டு நகர்வு எனப்படுகிறது.

2013 ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் டார்கெட் அங்காடி நிறுவனத்தில் நடந்த திருட்டு இதற்கு எடுத்துக்காட்டு. அந்நிறுவனத்துக்குக் குளிர்சாதனப் பணிகள் செய்துவந்த ஓர் ஒப்பந்த நிறுவனத்தின் நுழைவு விவரங்களே முதலில் களவுபோயின. அவற்றைக் கொண்டு உள்ளே நுழைந்தவர்கள் கடைகளின் பணம் செலுத்தும் இயந்திரங்கள் வரை சென்று, ஏறத்தாழ 4 கோடி வங்கி அட்டைகளின் விவரங்களை எடுத்தனர். ஒப்பந்த நிறுவனத்தின் கணக்குக்கும் அந்த இயந்திரங்களுக்கும் எந்தத் தொடர்பும் தேவைப்படவில்லை. இருந்தும் வழி திறந்திருந்தது.

வரலாறு

மேகக் கணிமையும் வெளியிடப் பணியும் பரவியபோது "உள்ளே", "வெளியே" என்ற எல்லையே மங்கியது. 2004 இல் தொடங்கப்பட்ட ஜெரிக்கோ மன்றம் இதை முன்கூட்டியே சுட்டிக்காட்டியது. 2010 இல் ஃபாரஸ்டர் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் கிண்டர்வாக் ஜீரோ டிரஸ்ட் என்ற பெயரில் இக்கருத்தைப் பரவலாக்கினார். 2009 இல் தாக்குதலுக்கு உள்ளான கூகுள், அதன் பின்னர் பியாண்ட்கார்ப் என்ற அமைப்பை உருவாக்கி, அதைப் பற்றிய கட்டுரைகளை 2014 முதல் வெளியிட்டது. அமெரிக்காவின் தேசியத் தர மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 2020 ஆகஸ்டில் 800-207 என்னும் எண்ணுள்ள வழிகாட்டி ஆவணத்தை வெளியிட்டது.

அடிப்படைக் கொள்கைகள்

• எப்போதும் சரிபார்த்தல்: ஒருமுறை உள்நுழைந்தது நாள் முழுவதற்குமான அனுமதி ஆகாது.
• குறைந்தபட்ச உரிமை: ஒருவருடைய வேலைக்குத் தேவையான அளவு அணுகல் மட்டுமே தரப்படும்.
• நுண்பிரிப்பு: வலையமைப்பு சிறு பகுதிகளாகப் பிரிக்கப்படும். ஒன்று வீழ்ந்தாலும் மற்றவை தப்பும்.
• ஊடுருவல் நடந்துவிட்டது என்றே கருதுதல்: எல்லா நடவடிக்கைகளும் பதிவுசெய்யப்பட்டுக் கண்காணிக்கப்படும்.

செயல்படும் முறை

ஊழியர் ஒருவர் சம்பளப் பட்டியலைத் திறக்க முயல்வதாகக் கொள்வோம். அவருடைய கோரிக்கை நேரடியாக வழங்கிக்குச் செல்லாது. இடையில் உள்ள காவல் புள்ளி அதை நிறுத்தும். கொள்கைப் பொறி எனப்படும் மென்பொருள், அவருடைய அடையாளம், பணிப்பொறுப்பு, கணினியில் பாதுகாப்பு இற்றைகள் நிறுவப்பட்டுள்ளனவா, கோரிக்கை வழக்கமான நேரத்திலும் இடத்திலும் இருந்து வருகிறதா என்பவற்றை ஆராயும். எல்லாம் பொருந்தினால் அந்தப் பட்டியலுக்கு மட்டும் அனுமதி கிடைக்கும். ஐயம் எழுந்தால் கைப்பேசி வழியாக மற்றொரு சரிபார்ப்புக் கேட்கப்படலாம், அல்லது அனுமதி மறுக்கப்படலாம். அலுவலகத்தில் அமர்ந்து கேட்டாலும் வீட்டிலிருந்து கேட்டாலும் சோதனை ஒன்றே.

வரம்புகள்

பழைய மென்பொருள்கள் பல இத்தகைய சரிபார்ப்புக்கு ஏற்றவை அல்ல. யாருக்கு எது தேவை என்று பட்டியலிடுவதே பெரிய நிறுவனங்களில் நீண்ட பணி. சரிபார்ப்பு அளவுக்கு மீறினால் ஊழியர்கள் குறுக்குவழி தேடுவர். கொள்கைப் பொறி தாக்கப்பட்டால் முழு அமைப்பும் பாதிக்கப்படும். உரிய அனுமதி உள்ளவரே தவறிழைத்தால் அதையும் இம்முறை முற்றிலும் தடுக்காது. ஆனால் திருட்டுப்போன ஒரு கடவுச்சொல்லால் விளையும் சேதத்தைச் சிறிய எல்லைக்குள் நிறுத்துவதற்கு இது உதவுகிறது.