இருபது நாணயங்களும் காத்திருக்கும் நேரமும்

செங்கம், போளூர், சவ்வாது மலை ஊர்கள் எனப் பல திசைகளிலிருந்தும் விடியலிலேயே பேருந்து ஏறித் திருவண்ணாமலைக்கு வரும் நோயாளர்கள், மருத்துவரின் முன் அமர்வது பெரும்பாலும் சில நிமிடங்களே. எஞ்சிய பொழுது சீட்டுக்காகவும் இரத்தப் பரிசோதனை முடிவுக்காகவும் மருந்துக்காகவும் கழிகிறது. உடன் வந்தவருக்கு அன்றைய கூலியும் போகிறது. இங்குள்ளோர் மெதுவாக வேலை செய்வதால்தான் இத்தனை தாமதம் என்று எண்ணுவது இயல்பு. அவ்வெண்ணம் சரிதானா என்பதை ஓர் எளிய விளையாட்டின் வழியே பார்ப்போம்.

ஜப்பானின் டொயோட்டா ஆலையில் தைச்சி ஓனோ முதலானோர் வளர்த்தெடுத்த உற்பத்தி முறையே பின்னர் 'லீன்' என்று பெயர் பெற்றது. விரயத்தைக் கண்டறிந்து களைவது அதன் உயிர்நாடி. அதைக் கற்பிப்போர் நெடிய சொற்பொழிவை நம்புவதில்லை. பயில்வோரை மேசையைச் சுற்றி அமர்த்தி, கையில் நாணயங்களைத் தந்துவிடுகிறார்கள்.

நால்வர் வரிசையாக அமர்கிறார்கள். இருபது நாணயங்களையும் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றாகத் திருப்பி வைக்க வேண்டும். ஒரு நாணயத்துக்கு ஒரு நொடி என்று கொள்வோம். இருபதையும் முடித்த பிறகே அடுத்தவரிடம் தருவது என்றால், கடைசியில் காத்திருப்பவர் கைக்கு நாணயங்கள் வந்து சேர 80 நொடி ஆகும். ஐந்தைந்தாகக் கைமாற்றினால் 35 நொடியில் எல்லாம் முடிந்துவிடும். திருப்பியதும் ஒவ்வொன்றாகத் தந்தால் முதல் நாணயம் 4 நொடியிலும் கடைசி நாணயம் 23 நொடியிலும் வந்து சேரும்.

எவர் விரலும் விரைந்து இயங்கவில்லை. மூன்று முறையும் ஒவ்வொருவரும் செய்த வேலை அதே 20 நொடிதான். ஆகவே பணியாளரின் கடிகாரத்தை மட்டும் பார்ப்பவருக்கு எந்த வேறுபாடும் தெரியாது. கடைசி நாற்காலியில் இருப்பவரின் கடிகாரமே உண்மையைச் சொல்லும். மருத்துவமனையில் அந்த நாற்காலி நோயாளிக்கு உரியது.

ஒரு நாணயத்தில் குங்குமப் பொட்டு வைத்து, அதை நெஞ்சுவலியோடு வந்தவராகக் கொள்ளுங்கள். மொத்தமாகக் கைமாற்றும் முறையில் அது குவியலில் எங்கே இருந்தாலும் 80ஆம் நொடியில்தான் வெளிவரும். ஒவ்வொன்றாக நகரும் வரிசையிலோ, அதை முன்னே எடுத்துவைத்தால் 4 நொடி போதும். எங்கள் மனத்தை மிகவும் தைத்தது இந்தப் பகுதியே.

கார் செய்யும் முறை மனிதருக்குப் பொருந்துமா என்ற ஐயம் நியாயமானது. மதுரையில் 1976இல் 11 படுக்கைகளோடு டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையைப் பாருங்கள். அங்கே அறுவை மருத்துவர் ஒரு மேசையில் சிகிச்சை செய்யும்போதே அருகிலுள்ள மேசையில் அடுத்த நோயாளியை ஆயத்தப்படுத்திவிடுகிறார்கள். மருத்துவரின் கை அவசரப்படுவதில்லை. இரு சிகிச்சைகளுக்கு இடைப்பட்ட வெற்று நேரமே குறைகிறது. அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள வர்ஜினியா மேசன் மருத்துவமனையும் 2002 முதல் டொயோட்டா முறையைக் கைக்கொண்டது.

எல்லாக் காத்திருப்பும் விரயம் அன்று. இரத்தக் குழாய்களைச் சுழற்றும் கருவியில் எடையைச் சமன்செய்து பல குழாய்களை ஒன்றாக வைப்பதுண்டு. மருந்தாளுநர் சீட்டை இரண்டாம் முறை படிப்பதும் வீணன்று. மருத்துவர் உங்கள் சொல்லைக் கேட்கும் நேரத்தைச் சுருக்குவதற்கு 'லீன்' என்று பெயர் சூட்டினால், அதை நாம் ஏற்கலாகாது.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், திடீரென முகமோ கையோ ஒருபுறம் செயலிழத்தல் ஆகியவை இருந்தால் வரிசையில் நிற்க வேண்டா; முதலில் காணும் பணியாளரிடமே உடனே சொல்லுங்கள். வெறும் வயிற்றில் சர்க்கரைப் பரிசோதனைக்கு வந்த நீரிழிவு நோயாளருக்குக் காத்திருக்கையில் வியர்வையோ நடுக்கமோ மயக்கமோ தோன்றினாலும் செவிலியரை உடனே அழையுங்கள்.

உடன் வருவோரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு துண்டுத் தாளில் வாயிலில் நுழைந்த நேரம், சீட்டு பெற்ற நேரம், மருத்துவரைக் கண்ட நேரம், பரிசோதனை முடிவும் மருந்தும் கிடைத்த நேரம் ஆகியவற்றைக் குறித்துவந்து, புறப்படும்போது விசாரணை மேசையில் கொடுங்கள். பெயர் எழுத வேண்டியதில்லை.