நாய்க்குட்டியின் இருமல்: எது சளி, எது டிஸ்டெம்பர்?

"ஊசி போட்ட நாய்தானே, எப்படிச் செத்தது?" என்று கேட்போர் உண்டு. அரசு இலவசமாக ஏற்றுவது விசர்நோய்க்கான ஊசி. டிஸ்டெம்பர் என்னும் வைரஸ் நோயை அது தடுக்காது. அதற்கு வேறு ஊசி. பணம் கொடுத்தே ஏற்ற வேண்டும்.

2006இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்தோர் பலர் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை முகாம்களில் பல வருடங்கள் இருந்தே ஊர் திரும்பினர். காடு மண்டிய காணியைத் திருத்துவோருக்குப் பன்றியை விரட்டவும் யானை வருவதை அறிவிக்கவும் நாய் வேண்டும். எங்கிருந்தோ ஒரு குட்டியை வாங்கி வருகின்றோம். நோயும் அதனோடு வரலாம்.

பிறந்தவுடன் குடித்த தாய்ப்பாலின் பாதுகாப்பு 6 முதல் 16 வாரங்களுக்குள் குறைந்துவிடும். அப்போதுதான் குட்டிகள் அகப்படுகின்றன. சாதாரண தொற்றுச் சளியென்றால் வறட்டு இருமல். தொண்டையில் முள் சிக்கியது போலக் கக்கும். ஆனால் தின்னும், விளையாடும், ஓரிரு வாரத்தில் மாறிவிடும். டிஸ்டெம்பர் அப்படியல்ல. காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் மஞ்சளாய்ச் சளி, சோர்வு, பின்னர் வாந்தி, கழிச்சல். தேறியது போலக் காட்டிய குட்டிக்கும் சில வாரங்களின் பின் தாடை துடித்து வலிப்பு வரலாம். வலிப்போடு வாய்நீர் வடித்தால் அது விசராகவும் இருக்கக்கூடும். வாய்க்குள் கை விட்டு மருந்து பருக்க வேண்டாம். கடித்துவிட்டால் சவர்க்காரமிட்டு நன்றாகக் கழுவி உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இந்த வைரஸ், மனிதரின் சின்னமுத்துக்கும் மாட்டின் கொள்ளைநோய்க்கும் காரணமான வைரஸ்களின் இனம். 1987இல் வெளியிலிருந்து வந்த ஆடுகளோடு புகுந்து கிழக்கில் மாடுகளைக் கொன்ற அந்தக் கொள்ளைநோயைப் பழைய பட்டிக்காரர் மறந்திருக்கமாட்டார்கள். ஊசியின் பலத்தால் அது 2011இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. டிஸ்டெம்பர் ஒழியவில்லை. மாட்டுக்கும் நமக்கும் அதனால் நோய் வராது, நரிக்கு வரும். 1994இல் தான்சானியாவின் செரெங்கெட்டிக் காட்டில் சிங்கங்களில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கை அது கொன்றது.

வைரஸைக் கொல்லும் மருந்து இல்லை. மிருக வைத்தியர் தரும் அன்டிபயோட்டிக், கூடவே தொற்றும் நியூமோனியாவுக்கே. பனடோல் கொடுக்காதீர்கள், ஈரலைக் கெடுக்கும். புதுக் குட்டியை மூன்று வாரமாவது வேறாகக் கட்டி, வேறு சட்டியில் சோறு வையுங்கள். சட்டியைச் சவர்க்காரமிட்டுக் கழுவி வெயிலில் காயவிட்டால் வைரஸ் எளிதில் அழிந்துவிடும்.

ஊசியை 6 அல்லது 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கொரு தடவை 16 வாரம் வரை ஏற்றுவது முறை. தாய்ப்பாலின் மிச்சப் பாதுகாப்பு ஊசியையும் மழுங்கச் செய்வதால்தான் இத்தனை தடவை. ஒன்றுக்கு மட்டுமே கையில் காசு இருந்தால், அதை 16 வாரம் நிறைந்த பின் ஏற்றுங்கள். அதுவரை குட்டி வளவுக்குள் இருக்கட்டும். நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து வைத்தியரை ஒரே நாளில் அழைத்தால் போக்குவரத்துச் செலவையாவது பங்கிட்டுக் கொள்ளலாம்.