அசல் வங்கிச் செயலியையே ஏமாற்றும் 'ஹூக்கிங்'

கோலாலம்பூர்: கைப்பேசியில் இருப்பது அசல் வங்கிச் செயலிதான், அதில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. அப்படியிருந்தும் கணக்கில் உள்ள பணம் பறிபோகலாம். எப்படி?

நார்வேயின் புரோமோன் நிறுவனம் 2023 நவம்பரில் 'ஃபியோர்ட்ஃபேண்டம்' என்ற ஆண்ட்ராய்டு தீநிரலைப் பற்றி அறிவித்தது. இந்தோனேசியா, தாய்லாந்து, வியட்நாமுடன் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அது பரவியிருந்தது. ஒரு வாடிக்கையாளர் மட்டும் சுமார் 1 கோடி தாய் பாட் இழந்தார்.

இதைப் புரிந்துகொள்ள அந்தக் காலத் தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். துரைக்குத் தமிழ் தெரியாது. தொழிலாளிக்கு ஆங்கிலம் தெரியாது. இடையில் நின்று மொழிபெயர்க்கும் கிராணி பொய் சொன்னால், இருவரும் நேர்மையாக இருந்தும் காரியம் கெட்டுவிடும்.

வங்கிச் செயலி திறந்ததும், "திரையை வேறு செயலி ஏதும் படிக்கிறதா?" என்று கைப்பேசியிடம் கேட்கும். ஆம் என்றால் பாதுகாப்புக்காக நின்றுவிடும். இந்தத் தீநிரலோ அசல் செயலியைத் தனக்குள் வைத்தே இயக்குகிறது. செயலியின் கேள்வியை இடைமறித்து, "யாரும் படிக்கவில்லை" என்று அதுவே பதில் தருகிறது. எச்சரிக்கைப் பெட்டி தோன்றினாலும் நாம் பார்க்கும் முன் மூடிவிடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் நிரலை இப்படி இடைமறிப்பதே 'ஹூக்கிங்'.

இது மோசடிக்கென்றே பிறந்த உத்தி அல்ல. ஜாவா போன்ற மொழிகளில் ஒரு நிரல் ஓடும்போதே அதன் உறுப்புகளைப் பெயர் சொல்லித் தேடி இயக்க முடியும். இதற்கு 'ரிஃப்ளெக்ஷன்' என்று பெயர். மூலநிரலைத் தொடாமல் பிழை கண்டுபிடிக்கவும் சோதனை செய்யவும் மென்பொருள் பொறியாளர்கள் இத்தகைய வழிகளை நாளும் பயன்படுத்துகின்றனர். கத்தி ஒன்றுதான், பிடித்திருக்கும் கைதான் வேறு.

பிரிக்பீல்ட்ஸ் கடைக்காரரானாலும் கிள்ளான் தோட்டப்புறக் குடும்பமானாலும், வாசல் ஒன்றே: குறுஞ்செய்தியிலோ மின்னஞ்சலிலோ வரும் இணைப்பு. அதைத் தொடர்ந்து வங்கி ஊழியர் போல ஒருவர் அழைத்து, செயலியை நிறுவச் சொல்லிக்கொடுப்பார்.

எனவே, இணைப்பு வழியாக வரும் ஏபிகே கோப்பை நிறுவாதீர்கள். வங்கிச் செயலியைப் பிளே ஸ்டோரில் மட்டுமே பதிவிறக்குங்கள். சந்தேக அழைப்பைத் துண்டித்து, வங்கி அட்டையின் பின்புறமுள்ள எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் கைப்பேசியின் இணையத்தை நிறுத்திவிட்டு, வேறு தொலைபேசியிலிருந்து உடனே வங்கியையோ தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண்ணையோ அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறும் முன் தடுக்க, ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இன்றே அவர்களிடமும் சொல்லி வையுங்கள்.