தானியங்கு தளர்வு சரிசெய்வி

தானியங்கு தளர்வு சரிசெய்வி என்பது லாரி, பேருந்து முதலிய கனரக ஊர்திகளின் காற்று பிரேக்குகளில், பிரேக் லைனிங் தேய்வதால் உண்டாகும் கூடுதல் இடைவெளியைத் தானே ஈடுசெய்யும் பொறியமைப்பு ஆகும். பணிமனைகளில் இது ஆட்டோ ஸ்லாக் அட்ஜஸ்டர் என அழைக்கப்படுகிறது.

காற்று பிரேக்கின் அமைப்பு

ஓட்டுநர் பிரேக் மிதியை அழுத்தும்போது, கலன்களில் தேக்கி வைக்கப்பட்டுள்ள அழுத்தக் காற்று, சக்கரங்களின் அருகிலுள்ள பிரேக் அறைகளுக்குள் செல்கிறது. அறையிலுள்ள இரப்பர் சவ்வு ஒரு தண்டை வெளியே தள்ளுகிறது. இத்தண்டின் முனை சரிசெய்வியுடன் பிணைக்கப்பட்டுள்ளது. சரிசெய்வி நெம்புகோலாக இயங்கி, ஆங்கில எழுத்தான 'எஸ்' வடிவில் அமைந்த கேமைச் சுழற்றுகிறது. கேம் இரு பிரேக் ஷூக்களையும் விரித்து, டிரம்மின் உட்புறத்தில் அழுத்துகிறது.

தேய்மானத்தின் விளைவு

லைனிங் தேயத் தேய, தண்டு நகர வேண்டிய தொலைவு கூடுகிறது. பரவலாகப் பயன்படும் 30ஆம் வகை அறையில் சவ்வின் பயனுறு பரப்பு 30 சதுர அங்குலம். எனவே சதுர அங்குலத்திற்கு 100 பவுண்டு அழுத்தத்தில் ஏறத்தாழ 3000 பவுண்டு விசை கிடைக்கிறது. ஆனால் தண்டின் முழு வீச்சு 2.5 அங்குலம் மட்டுமே. அமெரிக்க விதிகளின்படி, இவ்வகையின் வழமையான அறைகளில் வீச்சு 2 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. அதற்கு மேல் விசை விரைவாகக் குறையும்.

நீண்ட இறக்கத்தில் டிரம் சூடேறி விரிவடைவதால் வீச்சு மேலும் கூடுகிறது. சமதளத்தில் மிதியை மெல்ல அழுத்தும்போது இக்குறை வெளிப்படாமல் இருக்கலாம். அழுத்தமானியும் முழு அழுத்தத்தையே காட்டும்.

செயற்படும் முறை

சரிசெய்வியினுள் ஒரு புழுத்திருகும், கேமின் அச்சில் பொருந்திய பற்சக்கரமும் உள்ளன. பழைய வகையில் இத்திருகை மெக்கானிக் கையால் திருப்ப வேண்டும். தானியங்கு வகைகளுள் சில தண்டின் வீச்சையும், வேறு சில ஷூவுக்கும் டிரம்முக்கும் இடையிலான இடைவெளியையும் உணர்கின்றன. அளவு மிகும்போது, ஒருதிசையில் மட்டும் இயங்கும் உள்ளமைப்பு திருகைச் சிறிதளவு திருப்புகிறது. பெரும்பாலான வகைகளில் இது பிரேக் விடுபடும்போது நிகழ்கிறது. அமெரிக்காவில் 1994 அக்டோபர் 20 முதல் தயாரிக்கப்படும் காற்று பிரேக் ஊர்திகளில் இது கட்டாயமாகும்.

பராமரிப்பு

தானியங்கு சரிசெய்வி பொருத்தப்பட்டும் வீச்சு மிகுந்திருந்தால், சரிசெய்வி பழுதடைந்துள்ளது, தவறாகப் பொருத்தப்பட்டுள்ளது, அல்லது கேமின் புதை முதலிய பாகங்கள் தேய்ந்துள்ளன என்று பொருள். அந்நிலையில் கையால் திருகிவிட்டால் வீச்சு தற்காலிகமாகக் குறையுமே தவிர, மூலப் பழுது மறைந்தே இருக்கும்.

2003 ஏப்ரல் 11 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள கிளென் ராக் என்னும் ஊரில், செங்குத்தான இறக்கத்தில் நிறுத்த இயலாத லாரியொன்று கார்கள் மீது மோதியதில் இருவர் இறந்தனர். அந்த லாரியில் தானியங்கு சரிசெய்விகளே பொருத்தப்பட்டிருந்தன. அவற்றைக் கையால் திருகிச் சரிசெய்யும் வழக்கத்தின் ஆபத்தை, விபத்தை ஆராய்ந்த அந்நாட்டுத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் சுட்டிக்காட்டியது.

எனவே சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, நிறுத்த பிரேக்கை விடுவித்து, மிதியை முழுமையாக அழுத்தச் செய்து, ஒவ்வொரு தண்டின் வீச்சையும் அளந்து பார்ப்பது இன்றியமையாததாகும்.