காதலைச் சொல்ல எத்தனை தொகுதி வேணும்? – காதல் நகைச்சுவை மங்கா பற்றி

காதல் நகைச்சுவை மங்கா படிக்கிறவங்ககிட்ட பொதுவா ஒரு புலம்பல் இருக்கும். "ரெண்டு பேருக்கும் பிடிச்சிருக்குன்னு முதல் தொகுதியிலேயே தெரிஞ்சுபோச்சு. அப்புறம் எதுக்கு இருபது தொகுதி இழுக்கணும்?" நியாயமான கேள்விதான். ஆனால் இழுப்பது குற்றம் இல்லை என்பது என் கருத்து. எதை வைத்து இழுக்கிறார்கள் என்பதில்தான் நல்ல தொடரும் சலிப்பூட்டும் தொடரும் பிரிகின்றன. எனக்குப் பிடித்த, பிடிக்காத சில தொடர்களை வைத்து இதை விளக்கப் பார்க்கிறேன். கதை முடிவுகள் சில வெளிப்படும். அதை விரும்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

முதலில் இந்த இழுவை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். எனக்குத் தெரிந்து இரண்டு காரணங்கள்.

ஒன்று, ஜப்பானியப் பழக்கம். அங்கே காதலைச் சொல்வதற்கு 'கொகுஹாகு' என்று பெயர். ஒருவர் "உன்னைப் பிடிச்சிருக்கு, பழகலாமா?" என்று நேராகக் கேட்டு, மற்றவர் சம்மதித்த நாளிலிருந்துதான் பொதுவாக அவர்கள் ஜோடி. அதுவரை சேர்ந்து சினிமாவுக்குப் போனாலும் கணக்கில் வராது. கிட்டத்தட்ட பத்திரப்பதிவு மாதிரி. அதனால்தான் மங்காவில் அந்த ஒரு வாக்கியத்துக்கு அவ்வளவு கனம்.

இரண்டு, தொழில். மங்கா முதலில் பத்திரிகையில் தொடராக வந்து, பிறகுதான் தொகுதியாகிறது. 'வீக்லி ஷோனென் ஜம்ப்' போன்ற வார இதழ்களில் வாசகர் கருத்துக்கணிப்பை வைத்துத் தொடர்களை எடைபோடுவார்கள். வரவேற்பு இல்லாத தொடர் சீக்கிரமே நிறுத்தப்படும். வரவேற்பு உள்ளது ஓடிக்கொண்டே இருக்கும். காதலைச் சொல்லிவிட்டால் கதை முடிந்துவிடுமோ என்ற பயம் இருக்கும்போது, யார் சொல்ல வைப்பார்கள்?

இதற்கு நல்ல உதாரணம் நவோஷி கோமியின் 'நிசெகோய்' (2011–2016, 25 தொகுதிகள்). யாகுசா தலைவரின் மகனும் இன்னொரு கும்பல் தலைவரின் மகளும் சண்டையைத் தவிர்க்கக் காதலர்களாக நடிக்க வேண்டும். அருமையான தொடக்கம், முதல் சில தொகுதிகள் நல்லாவே சிரிக்க வைக்கும். ஆனால் நாயகனிடம் ஒரு பூட்டிய பதக்கம் இருக்கிறது. சிறுவயதில் ஒரு பெண்ணுக்குக் கொடுத்த வாக்கின் அடையாளம். அதன் சாவி யாரிடம் என்பது மர்மம். பார்த்தால் ஒன்றுக்கு மேற்பட்ட பெண்களிடம் சாவி இருக்கு! பதக்கம் திறக்கப்போகும் நேரத்தில் சாவி உள்ளேயே உடைகிறது. சொல்ல வாயெடுத்தால் யாராவது கதவைத் திறக்கிறார்கள். தடை மனிதர்களுக்குள் இல்லை, வெளியே இருக்கு. தற்செயல்தான் கதையை நடத்துகிறது. பாதிக்கு மேல் எனக்குப் பொறுமை போய்விட்டது.

நான் எல்லாத் தொடருக்கும் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். இந்த ரெண்டு பேரையும் ஒரு டீக்கடையில் உட்காரவைத்து, பத்து நிமிஷம் மனம்விட்டுப் பேசச் சொன்னால் கதை முடிந்துவிடுமா? 'நிசெகோய்' முடிந்துவிடும்.

இந்தச் சோதனையில் அசையாமல் நிற்பது ருமிகோ தகாஹாஷியின் 'மெஸோன் இக்கோகு' (1980–1987, 15 தொகுதிகள்). ஒரு பழைய மர வாடகை வீடு. ஐந்தாம் எண் அறையில் கொதாய், நுழைவுத்தேர்வில் தோற்று மறுபடி எழுதக் காத்திருக்கும் இளைஞன். அந்த வீட்டுக்கு மேலாளராக வருகிறாள் கியோகோ. அவள் இளம் விதவை. திருமணமாகி ஆறு மாதம்கூட ஆகாமல் கணவன் சொய்ச்சிரோ இறந்துவிட்டான். வீட்டு நாயையும் அதே பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள்.

இவர்களை டீக்கடையில் உட்காரவைத்து என்ன பேசச் சொல்வது? அவள் கணவனை மறக்கவில்லை, மறக்கவும் விரும்பவில்லை. இன்னொருவனை நேசித்தால் முதல் காதல் பொய்யாகிவிடுமோ என்று பயப்படுகிறாள். இவனிடம் பணம் இல்லை. பட்டம் வாங்கும் நேரத்தில், வேலை கொடுத்த நிறுவனம் திவாலாகிறது. இரவு விடுதியில் வேலை செய்யும் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டே, குழந்தைகள் காப்பக ஆசிரியர் தகுதிக்குப் படிக்கிறான். இதெல்லாம் பேசித் தீரும் விஷயமில்லை. காலம் ஆகணும். ஏழு வருடம் வெளிவந்த கதைக்குள்ளும் பல வருடங்கள் ஓடுகின்றன, பாத்திரங்களுக்கு வயதாகிறது.

இறந்த கணவனின் முகத்தை தகாஹாஷி வாசகருக்குக் கடைசிவரை காட்டுவதே இல்லை. முகமில்லாத ஒருவனோடு கொதாய் எப்படிப் போட்டி போடுவான்? கடைசியில் அவன் போட்டி போடுவதில்லை. கல்லறைக்குப் போய், அவள் மனதில் இருக்கும் அந்த மனிதரையும் சேர்த்தே ஏற்றுக்கொள்வதாகச் சொல்கிறான். கல்யாணம் பற்றிப் பேசும்போது அவள் கேட்பது ஒன்றே ஒன்று: என்னைவிட ஒரு நாளாவது அதிகமாக உயிரோடு இருங்கள். பதினைந்து தொகுதி காத்திருந்ததால்தான் அந்த வாக்கியம் அடிவயிற்றில் இறங்குகிறது. நேரடியாக அந்தப் பக்கத்தைத் திறந்தால் சாதாரண வசனம்.

குறையே இல்லையா என்றால், இருக்கு. போட்டியாளன் மிதகா ஒரு நாய்க் குழப்பத்தால் கதையிலிருந்து விலக நேர்கிறது. நாய் கர்ப்பமானதைப் பெண் கர்ப்பமானதாக நினைத்துவிடுகிறான். சிரிப்பு வரும், ஆனால் வசதிக்காகச் செய்தது என்றும் தெரியும். 

இன்னொரு வேடிக்கை: தகாஹாஷி அதே வருடங்களில் 'உருசெய் யாட்சுரா'வையும் (1978–1987) வரைந்துகொண்டிருந்தார். அதில் யாருக்கும் வயதாகாது, பள்ளி முடியாது. அதாரு கடைசிவரை லம்மிடம் காதலைச் சொல்வதே இல்லை. அங்கே அதுதான் நகைச்சுவை, அதுதான் முடிவும். காலம் நிற்கும் ஒரு கதை, காலம் நகரும் ஒரு கதை, ஒரே கையிலிருந்து.

இப்போது அகா அகாசாகாவின் 'காகுயா-சாமா' (2015–2022, 28 தொகுதிகள்). மாணவர் மன்றத் தலைவனும் துணைத் தலைவியும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். முதலில் சொல்பவர் தோற்றவர் என்பதால் இருவரும் வாயைத் திறப்பதில்லை. மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இது சுத்தமான டெட்லாக்: ஆளுக்கொரு பூட்டைப் பிடித்துக்கொண்டு அடுத்தவரின் பூட்டுக்காகக் காத்திருக்கும் இரண்டு ப்ராசஸ். டீக்கடை சோதனையில் இதுவும் தோற்கும் என்றுதான் தோணும். ஆனால் அந்த டீக்கடையில் உட்கார முடியாததற்கான காரணமே மெல்ல மெல்லக் கதையாகிறது. ஷிரோகானே ஏழை, முதலிடத்தில் இல்லாவிட்டால் தன்னை யாரும் மதிக்கமாட்டார்கள் என்று நம்புகிறான். காகுயா பெரும் பணக்காரக் குடும்பத்தில் யாரையும் நம்பாமல் வளர்ந்தவள். கௌரவம் என்று நாம் சிரித்தது உண்மையில் பயம். முடிச்சு அவிழ்வதும் கடைசியில் இல்லை, ஏறக்குறைய பாதியில், பள்ளி விழாவில். பிறகும் கதை நிற்கவில்லை.

சொல்லிவிட்டால் கதை முடிந்துவிடும் என்ற பயத்துக்கு முழுப் பதில் 'ஓரே மோனோகதாரி'. எழுத்து கசுனே கவஹாரா, ஓவியம் அருகோ, 13 தொகுதிகள். நாயகன் தகேயோ இரண்டு மீட்டர் உயரம், 120 கிலோ. நண்பன் சுனாகாவா அழகன் என்பதால் பெண்கள் எல்லாரும் அவனைத்தான் விரும்புவார்கள் என்பது தகேயோவின் முடிவு. யமாதோவும் அப்படித்தான் என்று நினைக்கிறான். இந்தக் குழப்பம் முதல் தொகுதிக்குள்ளேயே தீர்ந்துவிடுகிறது. மீதி எல்லாம் ரெண்டு நல்ல பிள்ளைகள் எப்படி ஒருவரையொருவர் நல்லாப் பார்த்துக்கறாங்க என்பதுதான். எனக்கு ஒரு இடத்திலும் போரடிக்கவில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் சிபாரிசு: சிரிக்கணும்னா 'காகுயா', மனசு லேசாகணும்னா 'ஓரே மோனோகதாரி'. நாற்பதைத் தாண்டியவர்கள் 'மெஸோன் இக்கோகு'வை எடுங்க. வேலையில்லாமல் அலைவதும், போனவர்களை மனதில் வைத்துக்கொண்டே இருப்பவர்களோடு வாழ்வதும் என்னவென்று இந்த வயதில்தான் சரியாகப் புரிகிறது.