கடைசியாகத் தேறியவரின் விடைத்தாள்

ரொறன்ரோவில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை உள்ள வீடுகளில் இளவேனில் வந்தால் ஒரே பேச்சுத்தான்: எந்தப் பல்கலைக்கழகம் பெரியது? பொறியியல் படிக்கப்போகும் பிள்ளைக்கு அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. சேரப்போகும் அந்தப் பாடநெறிக்குத் தர அங்கீகாரம் இருக்கிறதா?

குடிசார் பொறியியலுக்குத் தனி அங்கீகாரம், இயந்திரப் பொறியியலுக்குத் தனி அங்கீகாரம். 1965 முதல் இதைப் பார்த்துவருவது கனேடியப் பொறியியல் தர அங்கீகாரச் சபை. ஒரு தடவைக்கு அதிகபட்சம் ஆறு ஆண்டுகளுக்குத்தான் தரும். குறை கண்டால் அந்தக் காலமும் சுருங்கும்.

மதிப்பீட்டுக் குழு நேரே வளாகத்துக்கு வரும். ஆய்வுகூடத்தில் நின்று பார்ப்பார்கள், மாணவர்களைத் தனியே பேச விடுவார்கள். திருத்திய விடைத்தாள்களும் செய்முறை அறிக்கைகளும் அவர்கள் முன் வைக்கப்படும். வகுப்பில் முதலாக வந்தவரின் தாளைப் பார்த்துப் பூரிப்பது சுலபம். ஒரு பாடநெறியின் உண்மையான தரம் தெரிவது மயிரிழையில் தேறியவரின் தாளில்தான்.

பாடத்திட்டக் கணக்கும் அதே நியாயத்தில்தான் போகிறது. ஒரு மணி நேர விரிவுரை ஒரு அலகு. அதே நேரம் ஆய்வுகூடத்தில் என்றால் அரை அலகு. மொத்தம் குறைந்தது 1,850 அலகு வேண்டும். விருப்பப் பாடங்களில் இலகுவானவற்றையே பொறுக்கி எடுத்துப் பட்டம் பெறுபவருக்கும் இந்தக் கணக்கு நிறைய வேண்டும். இந்த ஒரு விதிக்காகவே நான் இந்த முறையை மதிக்கிறேன். பாலத்தில் ஏறுகிறவருக்கு, அதைக் கணித்தவர் வகுப்பில் எத்தனையாவது என்று தெரியாது.

1907 ஆகஸ்ட் 29 அன்று கியூபெக் பாலம் கட்டும்போதே சரிந்து 75 தொழிலாளர்கள் இறந்தனர். பாலத்தின் எடையைக் குறைத்துக் கணித்திருந்தார்கள். கீழ்த்தண்டுகள் வளைவதைக் கண்ட பிறகும் வேலை நிற்கவில்லை. இந்த நாட்டுப் பொறியியலாளர்கள் எழுதும் கையின் சின்னவிரலில் அணியும் இரும்பு மோதிரம் அந்தப் பாலத்தின் இரும்பில் வார்த்தது என்று சொல்வதுண்டு. அது உண்மையல்ல. அந்த மோதிரத்தை அணிவிக்கும் சடங்கு 1922இல் ரொறன்ரோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹோல்டெயின் முன்வைத்த யோசனையில் பிறந்து, 1925இல் முதன்முறை நடந்தது.

மொறட்டுவையிலும் பேராதனையிலும் கிண்டியிலும் படித்து இங்கே வந்தவர்களுக்கு இந்தத் தர அங்கீகாரம் இன்னொரு வகையில் முக்கியம். பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று மதிக்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் கனடா 1989இலேயே சேர்ந்தது. இந்தியாவும் இலங்கையும் 2014இல்தான் முழு உறுப்பினராயின. இந்தியாவில் தேசிய அங்கீகார வாரியத்தின் முதல் அடுக்குப் பாடநெறிகளுக்கே அந்த மதிப்பு. ஆனாலும் உடன்படிக்கை மட்டும் ஒன்ராறியோவில் பொறியியலாளர் உரிமம் வாங்கித் தராது. கனேடிய அங்கீகாரம் பெற்ற பட்டத்துக்குத் தொழில்நுட்பத் தேர்வு இல்லை. மற்றவர்கள் தேர்வெழுதித் தங்கள் அறிவை நிறுவ வேண்டியிருக்கிறது. கனேடிய வேலை அனுபவம் கட்டாயம் என்ற நிபந்தனை 2023இல் நீங்கியது. பலரை ஆண்டுக்கணக்கில் முடக்கிவைத்த நிபந்தனை அது.

அங்கீகாரம் பெற்ற பாடநெறிகளின் பட்டியல் எவரும் பார்க்கக்கூடியது. பாடநெறியின் பெயரோடு அங்கீகார ஆண்டும் அதில் இருக்கும். பிள்ளை கையெழுத்திடுமுன் இரண்டையும் பாருங்கள்.